தலைக்கணக்கு

உலகில் பௌத்தர்கள் எத்தனை பேர்? அமெரிக்காவின் ப்யூ ஆய்வு மையம் முதலில் 2010-க்குச் சொன்ன கணக்கு 48 கோடியே 80 லட்சம். உலக ஜனத்தொகையில் 7 சதவீதம். அதில் பாதிப்பேர் சீனர்கள். அதே மையம் 2020-க்குச் சொல்வது 32 கோடியே 40 லட்சம்; 4 சதவீதம். மீதி பதினாறு கோடிப் பேரில் பெரும்பாலோர் எங்கும் போய்விடவில்லை. சீனாவில் கேள்வி மாறிவிட்டது, அவ்வளவுதான். புத்தர்மேல் நம்பிக்கை உண்டா என்று கேட்பது ஒன்று. உன் மதம் எது என்று கேட்பது வேறொன்று. புதிய அளவுகோலையே 2010-க்கும் வைத்துப் பார்த்தால் குறைவு 1 கோடியே 90 லட்சம்தான். ஆனால் பெரிய மதங்களில் தொகை குறைந்தது இது ஒன்றுதான்.

ஜப்பானில் நேர்மாறு. ஷிண்டோ, பௌத்த அமைப்புகள் அரசாங்கத்துக்குத் தரும் பக்தர் தொகைகளைக் கூட்டினால் நாட்டின் ஜனத்தொகையை மிஞ்சிவிடுகிறது. பிறந்த குழந்தையை ஷிண்டோ கோயிலுக்கு எடுத்துப் போகிறார்கள். சாவுக்குப் பௌத்த குருமார் வருகிறார். ஒரே தொகையை இரண்டு தலைப்பில் வரவு வைத்தால் வங்கியில் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அங்கே அது வாழ்க்கை. ஒருவருக்கு ஒரு மதம்தான் என்பது படிவத்தின் நம்பிக்கை, மனிதர்களுடையது அல்ல.

ஆகவே இந்த எண்களுக்கு அர்த்தமே இல்லை, ஞானத்தைத் தலைக்கணக்கில் அடைக்க முடியாது என்று நம் இலக்கிய நண்பர்கள் சொல்லக்கூடும். சௌகரியமான முடிவு. என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தியாவில் 1951-இல் பௌத்தர்கள் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. 1961-இல் முப்பத்திரண்டு லட்சத்துக்கு மேல். இடையில் இருப்பது 1956 அக்டோபர் 14. நாகபுரியில் அம்பேத்கரும் அவரோடு லட்சக்கணக்கானவர்களும் பௌத்தம் தழுவிய நாள். இவர்கள் பழக்கத்தினால் பௌத்தர்கள் அல்ல. இந்து என்ற சொல்லை அடித்துவிட்டு வேறு சொல்லை எழுதியவர்கள். அதற்கு விலையும் இருந்தது. பௌத்தர் என்று பதிந்துகொண்டவர் மத்திய அரசின் பட்டியல் சாதிச் சலுகைகளை இழந்தார். 1990-இல்தான் சட்டம் திருந்தியது. அதாவது முப்பத்து நான்கு வருஷம்.

2011-இல் இந்தியப் பௌத்தர்கள் 84 லட்சம்; முக்கால்வாசிக்கு மேல் மகாராஷ்டிரத்தில். உலகப் பௌத்தர்களில் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. சதவீதம் மட்டும் பார்க்கிறவர் இதைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடலாம். எனக்கு என்னவோ, அந்தப் பெரிய கூட்டுத்தொகையில் எண்ணப்பட்டவர்களே தங்களை எண்ணச் சொல்லிக் கேட்ட பகுதி இதுதான் என்று தோன்றுகிறது.