70 வளைவு... 195 கிலோ!

'ரெட்ரோ பைக் வாங்கலாமா, வேணாமா?' இந்தக் கேள்விக்கு ஷோரூம் வாசல்ல பதில் கிடைக்காது பாஸ். அங்கே ஏ.சி. காத்து, பளபளக்குற டேங்க், ஒரு கிலோமீட்டர் டெஸ்ட் ரைடு... அவ்வளவுதான். நேர் ரோட்டுல எல்லா பைக்கும் நல்ல பைக்தான். உண்மை தெரியணும்னா கொல்லிமலைக்கு வாங்க!

நண்பனுக்கு சென்னையில வேலை. முதல் வருஷ சம்பளம். கல்விக் கடன் இன்னும் பாக்கி. ஆனா, மொபைல் வால்பேப்பர்ல ராயல் என்ஃபீல்ட் க்ளாசிக் 350. ஆன்-ரோடு இரண்டு லட்சத்தைத் தாண்டுற வண்டி. "அட்வான்ஸ் கட்டப்போறேன் மச்சி"னு ஆரம்பிச்சான். "இருடா, முதல்ல மலை ஏறுவோம்"னு நாமக்கல்லுக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்கே என் சித்தப்பா பையன்கிட்ட அதே க்ளாசிக் இருக்கு. ஒருநாள் கடன் வாங்கி அவன்கிட்ட கொடுத்துட்டு, நான் என் பழைய 125-ல பின்னாடியே கிளம்பினேன்.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வரைக்கும் சமவெளி. ரெண்டு பக்கமும் பச்சை, எதிரே சுவர் மாதிரி மலை. 60, 70-ல அவன் ராஜா மாதிரி போறான். இந்த வண்டிக்குன்னே அளந்து போட்ட வேகம் அது. நூறைத் தொடணும்னு துடிக்கிறவங்க இப்பவே வேற பக்கம் புரட்டிடலாம்!

காரவள்ளியில மலை ஆரம்பம். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு போர்டு வெச்சிருக்காங்க. முதல் இருபது வளைவுல என் 125 மூச்சு வாங்குது. ஃபர்ஸ்ட், செகண்ட், மறுபடி ஃபர்ஸ்ட்னு என் இடது கால் ஓயவே இல்ல. அவன் செகண்ட் கியர்லயே அலட்டிக்காம ஏறுறான். 20 குதிரைசக்திதான், ஆனா 27 நியூட்டன் மீட்டர் டார்க், அதுவும் 4,000 ஆர்.பி.எம்-லயே வந்துடுது. இழுவைன்னா இதுதான்.

பாதி மலையில கதை மாறிச்சு. வளைவுல மேலேர்ந்து பஸ் இறங்குது. நின்னாகணும். சரிவுல, சாய்ஞ்ச ரோட்டுல, 195 கிலோவைக் கால்ல தாங்கி நிக்கணும். நான் ஓரமா உருட்டி ஒதுங்கிட்டேன். அவன் முன் பிரேக்கை இறுக்கிப் பிடிச்சுட்டு, முகம் சிவந்து நின்னான். சீட் உயரம் 805 மில்லிமீட்டர். அவன் உயரத்துக்குப் பாதம் முழுசா ஊணல. பஸ் போனதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி கூலிங் கிளாஸைச் சரிபண்ணிக்கிட்டான்!

சோளக்காட்டுல டீ. சந்தையில அன்னாசி, மிளகு, மலைவாழைன்னு வாசனை தூக்குது. டீக்கடை பெஞ்சுல இருந்த பெரியவர் வண்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்தார். "ஏனுங் தம்பி, கிக்கரைக் காணோமே?"

2021-ல வந்த புது க்ளாசிக்ல கிக்கரே கிடையாது. அதைக் கேட்டதும் அவருக்கு ஏமாத்தம். அவர் ஓட்டின புல்லட்டுல கிளம்புறதே ஒரு சடங்காம். ஆம்ப் மீட்டர் முள் நடுவுல வரணும், டீகம்ப்ரஷரை அழுத்தணும், அப்புறம் ஒரே உதை. கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல! "சத்தமும் சாதுவா இருக்குதே"ன்னார். இன்ஜின் உள்ளே அதிர்வைக் குறைக்கிற பேலன்ஸர் ஷாஃப்ட் இருக்கு, அதான் ஐயா. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், ஏ.பி.எஸ். எல்லாம் இருக்கு. வேஷம் 1948, உள்ளே இருக்கிறது இன்னிக்குத் தேதி!

வேஷத்துக்கு ஊர்ப் பெருமையும் உண்டு. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோட கைகோத்து, திருவொற்றியூர்ல வேரூன்றின வண்டி இது. இங்கிலாந்துல தாய் கம்பெனி இழுத்து மூடின பிறகும் இங்கே புல்லட் ஓடிட்டே இருந்தது. இன்னொரு சேதி... 2025 செப்டம்பர்ல 350 சி.சி. வரைக்கும் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவிகிதமா இறங்குச்சு. அதுக்கு மேலன்னா 40! இது 349 சி.சி. ஒத்த சி.சி-யில தப்பிச்ச புண்ணியவான்.

ரெட்ரோன்னா இது ஒண்ணுதானான்னு கேட்காதீங்க. மைசூர்ல 1996-ல் மூடுவிழா கண்ட ஜாவா, 2018-ல் புது அவதாரம் எடுத்திருக்கு. ஹோண்டா ஹைனஸ் 181 கிலோதான். 14 கிலோ வித்தியாசம் காகிதத்துல சின்னது. அந்தப் பஸ் வளைவுல கேட்டிருந்தா அவனே சொல்லியிருப்பான்.

செம்மேட்டுல வல்வில் ஓரி சிலைகிட்ட உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வாரத்துல ஆறு நாள் வேளச்சேரி சிக்னல். கிளட்ச், பிரேக், கிளட்ச், பிரேக். பெட்ரோல் லிட்டருக்கு 35 கிலோமீட்டர் கொடுத்தா சந்தோஷம். என் 125 ஐம்பதைத் தாண்டும். மாசத் தவணையோட கல்விக் கடனும் சேர்ந்தா சம்பளத்துல பாதி காலி. ஏழாவது நாளுக்காக ஆறு நாள் தூக்கிச் சுமக்கணுமா? "வண்டி சூப்பர்டா. ஆனா, இப்ப வாங்கினா அதுல ஊர் சுத்த உன்கிட்ட காசு இருக்காது"ன்னேன். ஹெல்மெட்டைத் தடவிக்கிட்டே யோசிச்சான்.

"கடன் முடிய இன்னும் பதினாலு மாசம் மச்சி..."

"அதுவரைக்கும் சித்தப்பா பையன் இருக்கான்ல?"

இறங்கும்போது செகண்ட் கியரை விட்டு மாறவே கூடாதுன்னு பெரியவர் சொல்லியனுப்பினார். அப்படியே இறங்கினான். காரவள்ளி வந்ததும் வண்டியை மாத்திக்கலாமான்னு கேட்டேன். காது கேட்காத மாதிரி நாமக்கல் வரைக்கும் அவனே ஓட்டினான்.