முடிச்சு அவிழ்ந்த பிறகும்

மர்மக்கதையில் முடிச்சு அவிழ்ந்துவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது என்பார்கள். ‘விடாது கருப்பு’ அந்தக் கணக்கில் அடங்காது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கி, 1990களின் பிற்பகுதியில் சன் டிவியில் வந்த ‘மர்மதேசம்’ வரிசைத் தொடர்.

முதல் தடவை பார்த்தபோது வெள்ளைக் குதிரையில் வரும் கருப்பு யாரென்ற பயம் மட்டும்தான். விடை தெரிந்து பார்க்கும்போதுதான், அன்றைய கதையையும் இன்றைய கதையையும் மாறி மாறி ஓட்டி, தடயங்களை நம் கண்முன்னாலேயே போட்டு வைத்திருக்கிறார்கள் என்பது புரிகிறது. ஊரின் சாமி பயத்தைக் கேலி செய்யாமல் கேள்வி கேட்கிற எழுத்து அது.

யூடியூபில் இருக்கிறது. பார்க்காதவர்கள் யாரிடமும் கதை கேட்காமல் பாருங்கள். பார்த்தவர்களே, இன்னொரு முறை பாருங்கள். தயவுசெய்து கமெண்டில் முடிவைச் சொல்லிவிடாதீர்கள்!