தொப்பிக்கு உள்ளே பாருங்கள்!

பழைய அமெரிக்க ஃபெல்ட் தொப்பிக்கு எத்தனை வயது? ஸ்டெட்சன் என்ற பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அந்தக் கம்பெனி 1865-லேயே தொடங்கிவிட்டது.

அதனால் தொப்பி சேகரிப்பவர்கள் உள்ளே நெற்றியில் படும் தோல்பட்டையைத் திருப்பிப் பார்ப்பார்கள். சில தொப்பிகளில் அங்கே தொழிற்சங்கச் சீட்டு இருக்கும். அதில் 'யுனைடெட் ஹேட்டர்ஸ், கேப் அண்ட் மில்லினரி வொர்க்கர்ஸ்' என்றிருந்தால் தொப்பி 1934-க்கு முந்தியது இல்லை. அந்தச் சங்கம் பிறந்ததே அந்த வருடம்தான்!

ஆனால் ஒன்று... அன்று முயல் ரோமத்தை ஃபெல்ட்டாக்கப் பாதரச நைட்ரேட் தடவினார்கள். தொழிலாளர்களுக்குக் கை நடுங்கியது, மனம் கலங்கியது. 1941 டிசம்பரில்தான் அமெரிக்கத் தொப்பித் தொழில் அதைக் கைவிட்டது. அதற்கு முந்தைய தொப்பிகளில் பாதரசம் இன்னும் இருக்கலாம். ஆகவே சீட்டைத் தேடும்முன் கையுறை போடுங்கள். தலையில் மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள்!