கணியம்

குமரிக் கடற்கரையில் மீன்பிடித்தலும் ஒரு வேட்டைதான். உழவர் விதைத்ததை அறுக்கிறார். கடலோடி தான் விதைக்காததைத் தேடிப் போகிறார். அரசு ஊழியருக்கு இருப்பதுபோல இதற்கு ஓய்வு வயது கிடையாது. எப்போது நிறுத்துவது என்பதை வீட்டார்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. எதை வைத்து யோசிப்பது என்பதில்தான் சிக்கல்.

அப்பாவுக்கு வயது 73. தூண்டில்காரர். மீன் அடையும் கடலடிப் பாறைத்திட்டைப் பார் என்போம். அதைக் கரையை வைத்தே கண்டுபிடிப்பார். தேவாலயக் கோபுரம் மருந்துவாழ்மலையின் முகட்டோடு ஒரே கோட்டில் வரவேண்டும். இன்னொரு பக்கம் வேறிரு அடையாளங்களும் அவ்வாறே சேரவேண்டும். இரு கோடுகளும் வெட்டுமிடத்தில் பார் இருக்கும். இதற்குக் கணியம் என்று பெயர். ஜி.பி.எஸ். கருவி வந்த பிறகும் அவர் கணியத்தை விடவில்லை.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தது. அன்றுமுதல் அம்மா ‘போதும்’ என்று சொல்லி வருகிறாள். ‘புயல் வயசு பாத்தா ஆளெடுத்துச்சு?’ என்பார் அப்பா. மாண்டவர்களில் இளைஞர்கள் பலர். அம்மாவின் அச்சம் நியாயமானது. ஆனால் அது அப்பாவின் இயலாமைக்குச் சான்றாகாது.

சான்று வள்ளத்தில் உடன்செல்லும் அத்தை மகனிடமிருந்து வந்தது. “அத்தான், மாமா கணியத்தை எங்கிட்டதான் கேக்குறாரு. நான் சொன்னதும் தானே பாத்தமாதிரி தலையாட்டுறாரு. பார் தப்பினா மீன்தான் போவும். கரையேறும்போது பின்னால வாற அலை தெரியலேன்னா?”

கண்புரை அறுவை முன்பே முடிந்துவிட்டது. இது திரும்பாத பார்வை என்றார் மருத்துவர்.

அப்பாவிடம் வயதைப் பற்றி நான் பேசவில்லை. அலையைப் பற்றி மட்டும் கேட்டேன். நெடுநேரம் தூண்டில்முள்ளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, “அவனுக்குப் பிள்ளைக சின்னது” என்றார். தன் உயிரைக் காட்டி மறித்தபோதெல்லாம் இறங்காதவர், உடன்வருபவனின் உயிருக்கு இறங்கினார்.

ஆனால் கணியங்களை அவனுக்குக் கடலில் வைத்துத்தான் காட்டித்தர முடியும். ஆகவே கடல் அமைந்திருக்கும் நாட்களில் மட்டும், சின்னமுட்டம் துறைமுகத்தில் ஏறி அங்கேயே இறங்குவது, வள்ளத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பது, சுக்கானைத் தொடுவதில்லை என்று பேசி முடித்திருக்கிறோம். அடையாளங்களை அவன் பார்த்துச் சொல்வான். எந்தப் பார், என்ன மீன் என்று இவர் சொல்வார்.

அம்மா இதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை.