இயல்பு என்று எழுதுவதற்கு முன்

ஜொகூர் மாநிலத்து ஆய்வுக்கூடமொன்றில், கருப்பை வாயிலிருந்து வழித்தெடுத்த உயிரணுக்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து அபிப்பிராயம் எழுதும் உத்தியோகத்தில் 30 ஆண்டுக் காலம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். என்ன வேலை என்று உறவினர் எவரேனும் கேட்டால், நான் வாய் திறப்பதற்குள், "கண்ணாடி பார்க்கிற வேலை" என்று என் தாயார் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவார். ரெங்கம் பக்கத்துத் தோட்டமொன்றில், விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியே எங்களை ஆளாக்கிய அவருக்கு, ஒருத்தி குளிர்சாதன அறையில் உட்கார்ந்து நாள் முழுதும் கண்ணாடி பார்த்துச் சம்பளம் வாங்குகிறாள் என்பது கடைசி வரைக்கும் ஒரு வேடிக்கையாகவே இருந்தது.

அந்தக் கண்ணாடிச் சில்லுக்கு ஸ்லைடு என்று பெயர். கிளினிக்கில் மிஸ்ஸி என்று நாங்கள் அழைக்கும் தாதி மரத்தாலான சிறு கரண்டியால் மெல்ல வழித்து, சில்லின் மீது ஒரே இழுப்பாகப் பூசி, காற்றில் உலர்வதற்கு அவகாசம் கொடாமல் உடனே சாராயத்தில் அமிழ்த்திவிட வேண்டும். அரை நிமிஷம் தாமதித்தாலும் அணுக்கள் வீங்கி உருக்குலைந்து, பிறகு எவ்வளவு தேர்ந்த கண்ணுக்கும் புலப்படாமற் போய்விடும். சாயமேற்றிய பின்னர் அதே சில்லில் இளஞ்சிவப்பும் நீலப்பச்சையுமாக ஓர் உலகம் விரிகிறது. கிரேக்க தேசத்தில் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த ஜார்ஜ் பாப்பனிகொலாவ் இந்த முறையை முதன்முதலாக 1928ஆம் ஆண்டில் எடுத்துரைத்தபோது அதை மதிப்பார் அதிகமில்லை. ஹெர்பர்ட் டிராட் என்னும் வைத்தியருடன் சேர்ந்து 1941இல் கட்டுரையும் 1943இல் நூலும் வெளியிட்ட பிறகே உலகம் செவிசாய்த்தது. அவர் பெயரின் முதலசைதான் நம் ஸ்திரீகள் வாயில் இன்றும் வழங்கும் 'பாப் ஸ்மியர்'.

"அரிசியில் கல் பொறுக்குவது போலத்தானே?" என்று கேட்டவர்கள் உண்டு. ஒருவாறு அப்படித்தான், ஆனால் இங்கே கல்லென்பது அரிசியாகவே பிறந்து, மெல்ல மெல்லக் கல்லாக மாறிக்கொண்டிருக்கும் வேளையிலேயே அதைக் கண்டுகொள்ள வேண்டும் என்பதுதான் வித்தியாசம். கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. என்னும் வைரஸின் தொற்று நிலைபெற்றதற்கும் அந்நோய் தோன்றுவதற்கும் இடையே பொதுவாகப் பத்து முதல் இருபது ஆண்டுகள் செல்கின்றன. அந்த நீண்ட இடைவெளியே எங்கள் தொழிலுக்கு இயற்கை அளித்த நிலம். பத்து மடங்கு பெருக்கும் வில்லையைப் பொருத்தி, உழுத சால் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு உழவன் ஏரோட்டுவதைப் போல, ஒரு வரிசையின் விளிம்பை அடுத்த வரிசை தொட்டுச் செல்லும்படி ஸ்லைடை நகர்த்த வேண்டும். குறைந்தபட்சம் எண்ணாயிரம் உயிரணுக்களேனும் நன்றாகத் தெரியாத ஸ்லைடைத் தீர்ப்புக்கே எடுத்துக்கொள்ளலாகாது. நடுத்தர அணுவின் உட்கருதான் எங்கள் அளவுகோல். அதைவிட மும்மடங்குக்கு மேல் பருத்த உட்கருவைக் கண்டால் கை நின்றுவிடும், பக்கத்தில் மையால் ஒரு புள்ளி விழும்.

ஆனால் புள்ளி வைப்பது கடினமன்று. பெரிய கோளாறு தானே கண்ணில் வந்து மோதும். நூற்றில் தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட ஸ்லைடுகளின் கீழே எழுத வேண்டியிருக்கும் 'இயல்பு' என்ற ஒரு சொல்லே கடினமானது. ஏனெனில், கண்டதைச் சொல்ல ஓர் அணு போதும். இல்லை என்று சொல்லவோ, ஒவ்வொரு மூலையையும் பார்த்திருக்க வேண்டும். உத்தியோகத்தில் சேர்ந்த சில வருஷங்களுக்குள், தீபாவளிக்கு முந்தின நாள் பிற்பகலில், ஊருக்குப் போகும் பஸ்ஸை எண்ணிக்கொண்டே நான் 'இயல்பு' எழுதிய ஒரு ஸ்லைடு, மறுபார்வைக்காக எடுக்கப்பட்ட பத்தில் ஒன்றாக அமைந்துவிட்டது. நாங்கள் 'காக்' என்று அழைத்த மூத்த மலாய் அம்மையார் அதன் ஓரத்தில், அளவில் சிறுத்து, உட்கருவே உடம்பெல்லாம் நிறைந்த ஐந்தாறு அணுக்களைக் கண்டுபிடித்தார். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. புள்ளி வைத்த ஸ்லைடை என் மைக்ராஸ்கோப்பின் கீழேயே வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். ஒருவர் ஒரு நாளில் நூறு ஸ்லைடுகளுக்கு மேல் பார்க்கலாகாது என்று அமெரிக்கர்கள் சட்டமே இயற்றியிருப்பதன் நியாயம் அன்று எனக்கு விளங்கிற்று.

கண்ணைப் பழக்கினால் தவறு குறையும். ஆனால் கண்ணால் ஆகாத தவறு ஒன்று உண்டு என்பதைக் கற்பித்தது வேறொரு ஸ்லைடு. தோட்டப்புறத்திலிருந்து வந்த அது, காற்றில் உலர்ந்து பார்வைக்கு உதவாமற் போனமையால், மறுபடியும் எடுத்தனுப்புமாறு எழுதிவிட்டேன். ஓராண்டு கழிந்தும் மறு ஸ்லைடு வராததைத் தற்செயலாகக் கவனித்து அந்தக் கிளினிக்குக்குத் தொலைபேசியில் பேசியபோது, "அந்தத் தோட்டமே இல்லையே, அக்கா, வீட்டு நிலமாயிடுச்சு. கடுதாசி திரும்பி வந்துடுச்சு" என்றாள் அங்கிருந்த இளம் மிஸ்ஸி. லயத்து வீட்டு எண்ணுக்கு, அந்த அம்மாளால் வாசிக்க முடிந்திருக்குமோ என்பதே சந்தேகமான மலாய் மொழியில் எழுதிய கடிதம், ஆளில்லாத இடத்துக்குப் போய்த் திரும்பியிருந்தது. கெடுவது நோயறியும் சாமர்த்தியத்தில் அல்ல, அழைத்து வரும் சங்கிலியில் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அந்தச் சங்கிலி தொடக்கத்திலேயே ஒரு பக்கம் குட்டையாக அமைந்துவிட்டது. மலேசியாவில் இப்பரிசோதனை 1969ஆம் ஆண்டில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பணியை ஒட்டித் தொடங்கியது. ஆகவே பிள்ளை பெற்றுக் கிளினிக்குக்கு வந்துபோகும் இளந்தாய்மாரின் ஸ்லைடுகள் எங்களிடம் திரும்பத் திரும்ப வந்தன. பிள்ளைப்பேறு முடிந்து, கிளினிக் வாசலை மிதிக்க முகாந்தரமே இல்லாது போன நாற்பது, ஐம்பது வயது ஸ்திரீகளோ, நோய் கனியும் பருவத்தில் இருந்தும், வரவில்லை.

தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டை இந்த அனுபவத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 2007 முதல் 2011 வரை 103,507 பேருக்கும், 2012 முதல் 2016 வரை 115,238 பேருக்கும் ஏதேனும் ஒரு புற்றுநோய் பதிவாயிற்று. ஜனத்தொகை பெருகி முதுமையும் கூடும் நாட்டில் இந்த ஏற்றம் மட்டும் எதையும் நிரூபிக்காது. அதே காலத்தில் கருப்பை வாய்ப் புற்றுநோயின் வீதம், வயது வித்தியாசத்தைச் சரிசெய்து பார்த்தால், லட்சம் ஸ்திரீகளுக்கு 7.6 என்பதிலிருந்து 6.2 ஆகக் குறைந்துமிருக்கிறது. கவலை தருவது வேறொரு கணக்கு. எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்து, மூன்றாம் நான்காம் கட்டத்தில் கண்டறியப்பட்டவர்களின் பங்கு 58.7 சதவீதத்திலிருந்து 63.7 சதவீதமாக உயர்ந்திருக்கிறது. முன்கூட்டிக் காணப் பரிசோதனையே இல்லாத புற்றுநோய்கள் பல உண்டென்பதால் இந்தப் பழி முழுவதையும் ஜனங்கள் மீது சுமத்துவது நியாயமாகாது. எனினும் உபகரணங்கள் விருத்தியடைந்த காலத்திலேயே நோயாளிகள் பிந்தி வந்திருக்கிறார்கள் என்பது பிரத்தியட்சம்.

இப்பொழுது எங்கள் தொழிலே சுருங்கி வருகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எச்.பி.வி. வைரஸே மூலம் என்று காட்டிய ஹரால்ட் சூர் ஹவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். 2010 முதல் நம் பள்ளிகளில் 13 வயதுச் சிறுமியருக்குத் தடுப்பூசி போடலாயிற்று. மலாயாப் பல்கலைக்கழகம் ஆஸ்திரேலிய நிறுவனமொன்றுடன் கூடி 2018இல் தொடங்கிய 'ரோஸ்' திட்டம், திரைக்குப் பின்னால் ஸ்திரீ ஒரு சிறு குச்சியால் தன் மாதிரியைத் தானே எடுத்துக்கொள்ளவும், முடிவு அவள் கைப்பேசிக்கே வரவும் வழி செய்தது. அரசாங்கக் கிளினிக்குகளிலும் 2019 முதல் வைரஸ் பரிசோதனை படிப்படியாக நுழைந்தது. ஸ்லைடு இனிப் பெரும்பாலும் வைரஸ் தென்பட்டவர்களுக்குத் தேவைப்படும் இரண்டாம் படி. 30 ஆண்டு பழக்கிய கண்ணுக்கு அவசியம் குறைகிறதே என்று வருத்தம் இல்லாமலில்லை. ஆனால் என் தாயாரை நினைக்கும்போது அந்த வருத்தம் தங்குவதில்லை.

ஏனென்றால், கண்ணாடி பார்க்கிறவள் என்று ஊரெல்லாம் என்னைச் சொல்லிக்கொண்ட அவருடைய ஸ்லைடை நான் பார்த்ததேயில்லை. அவர் ஒருபோதும் எடுத்துக்கொள்ளவில்லை. வேறு வியாதியால், முதிர்ந்த வயதில் காலமானார் என்பது எங்கள் அதிர்ஷ்டம். ஆயிரக்கணக்கான அன்னியப் பெண்களுக்கு மறு பரிசோதனை எழுதிய நான், "அம்மா, நீங்களும் ஒரு தடவை வாங்களேன்" என்று சொல்லச் சங்கோசப்பட்டேன். திரையும் சிறு குச்சியும் அன்றே இருந்திருந்தால் எங்கள் இருவருடைய கூச்சத்துக்கும் அவை போதுமானவையாக இருந்திருக்கும்.

ஆகையால் இதை வாசிக்கும் சகோதரிகளிடம் எனக்கு இரண்டே விண்ணப்பங்கள். பரிசோதனைக்குப் போகும்போது தாயாரையோ, அண்ணியையோ, பிள்ளைப்பேறு முடிந்து கிளினிக்கை மறந்துவிட்ட எவரையேனும் உடன் அழைத்துப் போங்கள். வீடு மாறினாலும் கைப்பேசி எண் மாறினாலும், அடுத்த தடவை வரை காத்திராமல், கிளினிக் மிஸ்ஸியிடம் சொல்லிவிடுங்கள்.