அம்பாங்கில் வீடு, படகுக்குத் தண்ணீர் எங்கே?

அம்பாங் என்ற பெயருக்கே அணை என்றுதான் பொருள். 'எம்பாங்' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. 1857-இல் கிள்ளானிலிருந்து ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் படகேறி, இன்று மஸ்ஜிட் ஜாமெக் நிற்கும் ஆற்றுக் கூடலில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே நடந்து வந்து இங்கே ஈயம் தோண்டினார்கள். காய்ச்சலில் பலர் மாண்டார்கள். பிழைத்தவர்கள் தோண்டிய குழிகளிலிருந்துதான் இந்தத் தலைநகரமே எழுந்தது. ஆக, கோலாலம்பூரின் கதை ஒரு படகுப் பயணத்தில் தொடங்குகிறது.

இன்று அந்த ஆற்றை நாம் பார்ப்பது 'அக்லே' உயர்மட்டச் சாலையில் காடியை ஓட்டிக்கொண்டு போகும்போதுதான். சாலையின் தூண்களுக்கு நடுவே, சிமெண்டுக் கரைகளுக்குள், தேநீர் நிறத்தில் ஓடுகிறது. அதில் படகு விடும் எண்ணம் யாருக்கும் வராது. ஆனால் படகு வாங்கும் எண்ணம் மட்டும் அம்பாங்கில் பலருக்கு வருகிறது. அவர்களில் ஒருவர் என் தங்கையின் கணவர்.

"ஒரு ஜெட் படகு வாங்கலாம்னு இருக்கேன் மச்சான். சின்னதா, பெட்ரோல் அதிகம் குடிக்காததா, நம்ம பட்ஜெட்டுக்கு அடங்குறதா. நீங்கதான் வானொலியில எல்லாரையும் கேள்வி கேட்கிறீங்களே, எனக்காகவும் நாலு பேரைக் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

கையில் ஒரு தொகை இருந்தது. அதில் ஒரு பகுதி, மூத்தவளின் மேற்படிப்புக்கென்று என் தங்கை ஒதுக்கி வைத்தது. எனவே இது விளையாட்டுப் பேச்சு இல்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நானும் அவரும் படகையும் தண்ணீரையும் தேடிச் சுற்றினோம். தெரிந்துகொண்டதை, அதே ஆசை உள்ள மற்ற குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

கங்கையில் ஏறிய படகு

முதலில், ஜெட் படகு என்றால் என்ன? சாதாரண விசைப்படகில் பின்னால் தண்ணீருக்குள் புரொப்பெல்லர் சுழலும். ஜெட் படகில் வெளியே எதுவும் சுழலாது. படகின் அடியில் உள்ள கம்பி வலை வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே இருக்கும் இம்பெல்லர் அதை வேகமாகத் தள்ளி, பின்புறக் குழாய் வழியே பீய்ச்சி அடிக்கும். அந்த வேகத்தில் படகு முன்னால் பாயும். குழாய் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதைப் பொறுத்துப் படகும் திரும்பும்.

இதை நடைமுறைக்குக் கொண்டு வந்தவர் நியூசிலாந்தின் பில் ஹாமில்டன். அவருடைய ஊரில் ஆறுகள் வேகமானவை, ஆழமில்லாதவை. புரொப்பெல்லர் கல்லில் இடித்து உடைந்துபோகும். அதற்கு விடையாக 1950-களில் இந்த ஜெட் முறையைச் செம்மைப்படுத்தினார். 1977-இல் எவரெஸ்ட் நாயகர் எட்மண்ட் ஹிலாரி மூன்று ஜெட் படகுகளோடு வங்கக் கடலோரக் கங்காசாகரிலிருந்து கங்கையை எதிர்த்து இமயம் நோக்கிப் போனார். நந்தபிரயாகை அருகே ஓர் அருவி மறித்த பிறகுதான் படகுகள் நின்றன.

குடும்பத்துக்கு இதில் என்ன லாபம்? குழந்தைகள் நீந்தும் இடத்தில் வெளியே சுழலும் தகடு இல்லை. முழங்கால் அளவுத் தண்ணீருக்குப் பக்கத்திலும் போகலாம். எஞ்சின் உள்ளே அடங்கியிருப்பதால் பின்புறத்தில் உட்கார இடம் கிடைக்கும். மச்சானின் மனம் கரைந்தது இந்த மூன்றில்தான்.

பெட்ரோல் கணக்கு

இப்போது கசப்பான பக்கம். 'சிக்கனமான ஜெட் படகு' என்று விளம்பரம் சொன்னால், எதோடு ஒப்பிட்டுச் சிக்கனம் என்று கேளுங்கள். மிதமான வேகத்தில், அதே எடையுள்ள படகை அதே தூரம் கொண்டுபோக, புரொப்பெல்லரைவிட ஜெட்டுக்குத்தான் பொதுவாகப் பெட்ரோல் அதிகம் வேண்டும். மெதுவாகப் போகப் போக இந்த வித்தியாசம் கூடும்.

படகுக்காரர்களிடம் ஒரு பழைய குத்துமதிப்பு உண்டு. பெட்ரோல் எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டினால், குதிரைத்திறனைப் பத்தால் வகுத்தால் வருவது ஒரு மணி நேரத்துக்கான அமெரிக்க கேலன். 100 குதிரைத்திறன் என்றால் 10 கேலன், அதாவது சுமார் 38 லிட்டர். 180 குதிரைத்திறன் என்றால் 68 லிட்டர்.

நமக்குப் புரியும் கணக்கில் சொல்கிறேன். 100 குதிரைத்திறன் படகை ஒரு மணி நேரம் வேகமாகவும், ஒரு மணி நேரம் மெதுவாகவும் ஓட்டினால் ஏறக்குறைய 50 லிட்டர் போகும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காடிக்கு அந்த 50 லிட்டரை ஊற்றினால் அம்பாங்கிலிருந்து பினாங்குக்குப் போய்த் திரும்பிவிடலாம். படகுக்கு அது ஒரு பிற்பகல் செலவு.

இருந்தாலும் ஜெட் படகுகளுக்குள்ளேயே சிக்கனமானது, ஊதாரியானது என்று உண்டு. பார்க்க வேண்டியவை நான்கு. ஒன்று, எடை. நான்கு பேருக்கு 13 முதல் 16 அடி போதும். சொந்தக்காரர்கள் எல்லாரையும் ஏற்றும் ஆசையில் 19 அடிக்குப் போனால் எஞ்சினும் பெரிதாகும். இரண்டு, சூப்பர்சார்ஜர் இல்லாத எஞ்சின். சூப்பர்சார்ஜர் உள்ளவை பந்தய வேகத்துக்கானவை. பெட்ரோலையும் பராமரிப்புச் செலவையும் சேர்த்தே கூட்டும். மூன்று, அடிப்பாகத்தின் வடிவம். 2021-இல் அறிமுகமான சீடூ ஸ்விட்ச் போன்ற தட்டையான மிதவைப் படகுகளில் 13 அடி, 100 குதிரைத்திறன் வகை உண்டு. அமைதியான ஏரிக்குப் பொருத்தம். அலையடிக்கும் கடலுக்கு ஆழமான 'வி' வடிவமே நல்லது. நான்கு, ஓட்டுபவரின் கை. படகு தண்ணீரின் மேல் ஏறி வழுக்கத் தொடங்கியதும் விசையைக் கொஞ்சம் தளர்த்தி, அந்த நிலையிலேயே வைத்திருப்பவருக்குப் பெட்ரோல் மிஞ்சும். முழு விசையிலேயே வைத்திருப்பவருக்கு எந்தப் படகும் சிக்கனம் இல்லை.

தண்ணீர் தேடிய படலம்

எந்தப் படகு என்பது எந்தத் தண்ணீர் என்பதைப் பொறுத்தது. அதனால் அம்பாங்கிலிருந்தே தேடத் தொடங்கினோம்.

வீட்டுக்குப் பக்கத்தில் பெரிய தண்ணீர் என்றால் புக்கிட் தாபோர் மலையடியில் 1958-இல் கட்டிய கிள்ளான் கேட்ஸ் அணைதான். மேலிருந்து பார்த்தால் படகு விடச் சொல்லி அழைப்பது போலவே இருக்கும். ஆனால் அது நாம் குடிக்கும் தண்ணீர். உல்லாசப் படகுக்கு அங்கே இடமில்லை, இருக்கவும் கூடாது. அம்பாங் ஹிலிர் ஏரி காலை நடைக்கு அழகு. ஜெட் படகுக்குச் சிறியது. புத்ராஜெயா ஏரி பெரியது, அழகானது. ஆனால் அங்கே உல்லாசப் படகுச் சவாரிக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. சொந்தப் படகை இறக்க நினைப்பவர் முதலில் புத்ராஜெயா கழகத்தின் அனுமதியைப் பெற வேண்டும்.

மேற்கே, கிள்ளான் ஆறு கடலை நெருங்கும் இடத்துக்குப் போனோம். 2019 முதல் ஆற்றில் மிதக்கும் குப்பையை அள்ள 'இன்டர்செப்டர்' என்ற மிதவை இயந்திரத்தைக் கிள்ளானில் நிறுத்தியிருக்கிறார்கள். அது அள்ளுவதைப் பார்த்தபோது மச்சான் அமைதியாகிவிட்டார். ஜெட் படகின் எமனே பிளாஸ்டிக் பையும் கயிறும் ஆகாயத்தாமரையும்தான். உறிஞ்சும் வலையில் ஒரு பை ஒட்டிக்கொண்டால் விசை போய்விடும். நடு ஆற்றில், பிள்ளைகளோடு, எஞ்சினை நிறுத்திவிட்டு அதை எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அடுத்தது போர்ட் கிள்ளான். 1972 வரை இதன் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். நம் தாத்தா பாட்டிகளில் பலர் ரஜூலா கப்பலிலிருந்து இறங்கியது இந்தத் துறைமுகத்தில்தான். கடல் கடந்து வந்த குடும்பங்கள் நாம். ஆனால் அதற்குப் பிறகு எத்தனை வீடுகளில் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். என் மாமியார் கேரித்தீவுத் தோட்டத்தில், கடலின் காற்றிலேயே வளர்ந்தவர். இன்றுவரை கணுக்காலுக்கு மேல் கடல் நீரில் இறங்கியதில்லை.

அங்கே படகு பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர், கைகளில் கிரீஸோடு, மச்சானிடம் மூன்று விஷயம் சொன்னார். இங்கே கடல் ஏற்றமும் வற்றமும் நான்கு மீட்டர் அளவுக்கு இருக்கும். காலையில் படகு இறக்கிய இடத்தில் மாலையில் சேறுதான் இருக்கும். பெரிய சரக்குக் கப்பல்கள் போகும் வழி இது. அவை எழுப்பும் அலை 13 அடிப் படகைத் தூக்கிப் போடும். மூன்றாவது, உப்பு. ஒவ்வொரு தடவையும் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் எஞ்சினின் உட்புறத்தை அலச வேண்டும். "இன்னைக்கு அசதியா இருக்கு, நாளைக்குப் பார்ப்போம்னு சொல்ற ஆளு ஜெட் படகு வாங்காதீங்க தம்பி" என்றார்.

பக்கத்திலேயே இருக்கும் படகுத்துறையில் நண்டுத் தீவு என்று நாம் அழைக்கும் புலாவ் கெத்தாமுக்குப் பயணிகள் படகு நின்றது. கேடிஎம் ரயிலின் கடைசி நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். அன்று அதில் ஏறிப் போய், கால்கள் ஊன்றிய மர வீடுகளுக்கு நடுவே நடந்து, வயிறார மீன் சாப்பிட்டுத் திரும்பினோம். பிள்ளைகள் கேட்ட கடலும் காற்றும் அலையும் அந்தச் சில ரிங்கிட் டிக்கெட்டில் கிடைத்துவிட்டன. மச்சான் அதைக் கவனித்தார்; சொல்லவில்லை.

ஜெட் படகு உண்மையிலேயே குதூகலிக்கும் தண்ணீர் நம் நாட்டில் இருக்கிறது. திரெங்கானுவின் கெனிர் ஏரி அப்படிப்பட்டது. 1985-இல் அணை கட்டி உருவான, 300-க்கும் மேற்பட்ட தீவுகள் கொண்ட நன்னீர் ஏரி. ஆனால் அம்பாங்கிலிருந்து ஏறக்குறைய ஐந்து மணி நேரம். படகை இழுத்துக்கொண்டு காராக் மேட்டில் ஏற மைவியோ சாகாவோ உதவாது; பெரிய பிக்கப் வேண்டும். அதுவும் படகின் விலையில் சேர வேண்டிய செலவுதான்.

வருஷத்தில் எத்தனை நாள்?

இந்த அலைச்சலையெல்லாம் கேட்டுவிட்டு என் தங்கை ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "வருஷத்துல எத்தனை நாள் போவோம் அண்ணே?"

சரியான கேள்வி அதுதான். ஒரு கணக்குக்கு, படகும் டிரெய்லரும் மற்றவையும் சேர்த்து 80,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். பத்து வருஷம் ஓடினால் வருஷத்துக்கு 8,000. வருஷத்தில் முப்பது நாள் போனால், ஒரு நாளுக்கு சுமார் 267 ரிங்கிட். பத்து நாள்தான் போனால் 800. பெட்ரோல், பராமரிப்பு, காப்புறுதி, நிறுத்திவைக்கும் வாடகை எல்லாம் இதற்கு மேல். கோண்டோவிலும் இணைவீட்டிலும் இருக்கும் நமக்குப் படகை நிறுத்தும் இடமே ஒரு தனிச் செலவு. கட்டுப்படியாகும் படகு என்பது விலைப்பட்டியலில் இல்லை; நம் நாட்காட்டியில் இருக்கிறது.

அந்தக் கணக்கு உங்களுக்குச் சரியாக வந்தால், தாராளமாக வாங்குங்கள். வாங்கும் முன் இவற்றைச் செய்யுங்கள். பழைய படகு என்றால் கரையில் பார்த்து முடிவெடுக்காமல், தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பாருங்கள். இம்பெல்லரின் ஓரங்கள் கல் பட்டு மழுங்கியிருந்தால், எஞ்சின் உறுமும், படகு நகராது, பெட்ரோல் வீணாகும். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று மீட்டரில் பாருங்கள். உதிரிபாகம் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே கிடைக்குமா என்று கேளுங்கள். கடலில் ஓட்டுவதற்கு மலேசியக் கடல்துறையிடமும், டிரெய்லருக்கு ஜேபிஜேயிடமும், சிலாங்கூரின் ஆறு, ஏரிகளுக்கு லுவாஸிடமும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

பாதுகாப்பில் ஒன்றை மறக்கவே கூடாது. ஜெட் படகில் விசையை விட்டால் திருப்பும் சக்தியும் போய்விடும். எதிரே ஏதாவது வந்தால் பதறிப்போய் விசையை விடத்தான் கை போகும். ஆனால் விட்டால் படகு நேராகவே வழுக்கிப் போய் மோதும். இதைத் திறந்த தண்ணீரில் பலமுறை பழகிய பிறகுதான் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். எஞ்சின் ஓடும்போது யாரும் படகின் பின்பக்கம் இறங்கவோ ஏறவோ கூடாது; உறிஞ்சும் வாய் தலைமுடியையும் தொங்கும் வாரையும் இழுக்கும், பீய்ச்சும் நீர் உடம்பைக் காயப்படுத்தும். ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு எப்போதும் அவர் உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். பிள்ளைகளின் லைஃப் ஜாக்கெட் அவரவர் எடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

என் தங்கை வீட்டில் எடுத்த முடிவு இது. மேற்படிப்புப் பணம் இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த ஒரு வருஷம் வாடகைப் படகுதான். பள்ளி விடுமுறையில் கெனிர், இடையில் ஒரு நாள் போர்ட்டிக்சன், ஒரு மாலை கோலசிலாங்கூரில் கம்போங் குவாந்தான். அங்கே மின்மினிகளைப் பார்க்கத் துடுப்புப் போடும் சம்பானில்தான் போக வேண்டும்; ஒரு சொட்டுப் பெட்ரோல்கூடச் செலவில்லை. ஒவ்வொரு பயணத்தையும் தங்கை வீட்டு நாட்காட்டியில் சிவப்பு மையில் குறிக்கிறாள். இருபது வட்டம் தாண்டினால், மறுபடியும் கடைகளுக்குப் படியேறலாம் என்பது ஒப்பந்தம்.

இடையில், சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகள் இருவரும் நீச்சல் வகுப்புக்குப் போகிறார்கள். மச்சானும் சேர்ந்துவிட்டார். பெரியவர்களுக்கான வகுப்பில் அவர்தான் மூத்தவராம்.