கல் எங்கே போயிற்று?

எங்கள் வீட்டுப் புறக்கடையில் நாற்பது ஆண்டுகளாக ஒரே இடத்தில் கிடந்த துவைகல்லைச் சென்ற ஆவணி மாதத்தில் ஒரு நாள், இரண்டு ஆட்களைக் கொண்டு கடப்பாரையால் நெம்பிப் பெயர்த்து, மதிலோரமாகச் சாய்த்து வைத்தேன். அந்த இடத்தில் சிமெண்டு பூசி, மேலே தகரம் வேய்ந்து, புதிதாக வாங்கவிருந்த சலவை யந்திரத்துக்கு ஓர் ஆசனம் அமைப்பது என் உத்தேசம்.

“அந்தக் கல்லு அங்க கெடந்தா ஒங்களுக்கு என்ன செய்யுது?” என்று கேட்டாள் என் மனைவி. அவளுடைய முழங்கால் வலியை முன்னிட்டே யந்திரம் வாங்குகிறோம் என்பதால், அந்தக் கேள்வியை நன்றி கெட்ட கேள்வியாகவே அன்று நான் எடுத்துக்கொண்டேன்.

விருதுநகர்க் கடைவீதியில் யந்திரம் விற்கும் அண்ணாச்சி, மேலே மூடி உள்ளதையும் முன்னே கண்ணாடி வாசல் உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டு, இரண்டுக்கும் உள்ள பேதத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்: “டாப் லோடு மோரு கடையிற மாதிரி கடையும், ஃப்ரண்ட் லோடு தூக்கித் தூக்கிப் போடும், ஐயா.” விலைச் சீட்டையும் விளம்பரத் தாளையும் வீட்டுக்கு வந்ததும் மறந்துவிட்ட எனக்கு, இந்த வாக்கியம் மட்டும் ஞாபகத்தில் தங்கிவிட்டது.

முன்வாசல் யந்திரத்தையே நாங்கள் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. முதலாவது தண்ணீர். குழாயில் நல்ல தண்ணீர் முறை வைத்து வருகிற ஊர் இது. போர்த் தண்ணீரோ சோப்பை நுரைக்கவிடாத உப்புத் தண்ணீர். ஆகையால் குறைந்த நீரில் துவைப்பது எதுவோ அதுவே எங்களுக்குத் தெய்வம். இரண்டாவது என் மகனுடைய உடுப்பு. ஆமத்தூருக்கு அப்பால் ஒரு பட்டாசு ஆபீஸில் அவன் போர்மென். தொழிற்சாலையை ‘ஆபீஸ்’ என்றே வழங்குவது இந்தப் பக்கத்துச் சம்பிரதாயம். நைலான், பாலியெஸ்டர் முதலிய செயற்கை இழைகள் உராய்ந்தால் நிலைமின்சாரம் பிறக்கும் என்பதாலும், மருந்து அறையில் ஒரு பொறியே போதும் என்பதாலும், அங்கே வேலை செய்கிறவர்கள் பருத்தியைத் தவிர வேறொன்றையும் உடுத்தலாகாது. அந்தப் பருத்திச் சட்டையில் படிகிற அலுமினியப் பொடி, வெள்ளி முலாம் பூசியது போன்ற ஒரு சாம்பல் நிறத்தை உண்டாக்கி, எத்தனை அலசினாலும் மடிப்புகளில் ஒளிந்துகொண்டிருக்கும். அதைக் கல்லில் அடித்தே என் மனைவியின் முழங்கால் தேய்ந்தது.

யந்திரம் வந்தது. பொருத்த வந்த ஆள் அவசரக்காரர்; குழாயை மாட்டி, பித்தானை அழுத்திக் காட்டிவிட்டுப் போய்விட்டார். முதல் துவைப்பு முடிந்து பிழியத் தொடங்கியதுதான் தாமதம், சாமி வந்தவர் போல் அது ஆடத் தொடங்கி, ஒரு சாண் தூரம் முன்னேறி, தண்ணீர்க் குழாயையும் பிடுங்கிக்கொண்டு நின்றது. மறுநாள் வந்த வேறொரு மெக்கானிக் அதன் பின்புறத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். “ஐயா, லாரியில வரும்போது உருளை ஆடாம இருக்கப் போட்ட போல்ட்டு இது. இதக் கழட்டாமலே ஓட்டியிருக்காங்க.” நான்கு போல்ட்டுகளைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, வீடு மாற்றினால் திரும்பப் பூட்ட வேண்டும், பத்திரம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நான்கு போல்ட்டுகளே என்னை விசாரணையில் இறக்கிவிட்டவை. பூட்டி வைத்தால் துள்ளுவதும், அவிழ்த்துவிட்டால் அடங்கி நிற்பதுமான இந்த விநோதப் பிராணியின் பூர்வோத்தரம் என்ன? உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட வேறு என்ன வேலை?

தேடிப் போனபோது முதலில் எதிர்ப்பட்டவர் ஒரு பாதிரியார். ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரத்தில் வாழ்ந்த யாக்கோப் கிறிஸ்தியான் ஷேஃபர், காளான்களையும் பறவைகளையும் ஆராய்ந்தவர், குளவிக் கூட்டிலிருந்தும் செடிகொடிகளிலிருந்தும் காகிதம் செய்து பார்த்தவர். 1767-ல் அவர் ஒரு சலவை யந்திரத்தின் அமைப்பைப் பிரசுரித்தார். அது ஒரு தொட்டியில் துணியைப் போட்டுக் கைப்பிடியால் கலக்குவது; அண்ணாச்சியின் பாஷையில் சொன்னால், கடைகிற வம்சத்துக்கு மூதாதை. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1782-ல், இங்கிலாந்தில் ஹென்றி சிட்ஜியர் என்பவர் காப்புரிமை பெற்ற யந்திரம் வேறு ஜாதி: மரச் சட்டங்களால் கட்டிய ஒரு கூண்டைப் படுக்கைவாட்டில் தொட்டிக்குள் வைத்து, கைப்பிடியால் அதைச் சுழற்றுவது. துணி மேலே ஏறி, தன் பாரத்தாலேயே கீழே விழும். கண்ணாடி வாசலுக்குள் எங்கள் வீட்டில் சுழல்கிற எஃகு உருளையின் முப்பாட்டன் அந்த மரக் கூண்டுதான்.

போல்ட்டின் ரகசியம் 1937-ல் அகப்பட்டது. அந்த ஆண்டு அமெரிக்காவில் பெண்டிக்ஸ் ஸ்தாபனம் வெளியிட்ட யந்திரமே துவைத்து, அலசி, பிழிந்து என எல்லாவற்றையும் தானாகச் செய்த முதல் வீட்டு யந்திரம்; முன்புறத்தில் வட்ட வாசல் உள்ளதும் அதுவே. ஆனால் அதன் உருளையை ஏந்தச் சுருள்வில் கிடையாது. ஆகையால் வாங்கினவர்கள் அதைத் தரையோடு போல்ட் வைத்து முறுக்க வேண்டியிருந்தது. பின்வந்தவர்கள் உருளையைச் சுருள்வில்லில் தொங்கவிட்டு, கீழே அதிர்வை விழுங்கும் தண்டுகளைக் கொடுத்து, யந்திரத்தைத் தரையினின்று விடுதலை செய்தார்கள். அந்த விடுதலையை லாரிப் பயணத்தின்போது மட்டும் தற்காலிகமாக நிறுத்திவைப்பனவே என் கையிலிருந்த நான்கு போல்ட்டுகள்.

நம் தேசத்துக்கு இது வந்த வழியை விசாரித்தபோது எங்கள் பக்கத்துக் கதை ஒன்று குறுக்கிட்டது. முன்வாசல் யந்திரத்தை நம்மவர் வீடுகளுக்குப் பழக்கியவற்றில் முதன்மையான ஐ.எஃப்.பி. ஸ்தாபனம், 1974-ல் சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவரது நிறுவனத்தின் கூட்டுறவோடு, உலோகத் தகட்டிலிருந்து நுட்பமான உறுப்புகளை வெட்டியெடுக்கும் ‘இந்தியன் ஃபைன் பிளாங்ஸ்’ என்ற பெயரில் தொடங்கப்பெற்றது. அதன் ஊர் கல்கத்தா. (என் வீட்டு யந்திரம் அதன் தயாரிப்பன்று.) சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் தீப்பெட்டித் தொழில் கற்கப் போனதும் அதே கல்கத்தாவுக்குத்தான். அவர்கள் திரும்பி வந்து மூட்டிய தொழில் தீப்பெட்டியிலிருந்து பட்டாசாகவும் அச்சாகவும் கிளைத்ததன் பயனாகவே என் மகனுடைய சட்டையில் அலுமினியம் ஒட்டுகிறது. அலுமினியத்தை ஒட்டவைக்கிற தொழில் வந்த ஊரிலிருந்தே, அரை நூற்றாண்டு கழித்து, அதைப் போக்குகிற யந்திரத்துக்கும் ஒரு வழி பிறந்தது என்பது எனக்கு ஏனோ ஒரு குடும்ப விஷயம் போலத் தோன்றியது.

ஆயினும், ஏட்டில் கண்டதைப் பிரத்தியட்சமாகக் காணாமல் மனம் சமாதானம் அடையவில்லை. ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு கண்ணாடி வாசலுக்கு முன் உட்கார்ந்து, சிவப்புக் கரையிட்ட ஒரு துண்டை அடையாளம் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்: நிமிஷத்துக்கு 48 சுற்று. உருளையின் குறுக்களவும் 48 சென்டிமீட்டர். அந்த அளவுள்ள உருளை நிமிஷத்துக்கு ஏறக்குறைய 60 சுற்றைத் தாண்டினால் துணி சுவரோடு ஒட்டிக்கொண்டு விழாது. மிகக் குறைந்தால் அடியிலேயே புரண்டு கிடக்கும். உச்சிக்கு அருகே கொண்டுபோய்க் கைவிடுவதற்கு ஏற்ற வேகத்தை எவனோ கணக்கிட்டு வைத்திருக்கிறான். நுரை அதிகமானால் விழுகிற துணிக்கு மெத்தை விரித்தாற்போல் ஆகி அழுக்குப் போகாது என்பதும் அங்கேயே புரிந்தது. நுரையைக் கொண்டே சுத்தத்தை அளந்து வந்த எங்கள் வீட்டுக்கு இது ஒரு புது வேதம். கழிவுக் குழாயின் கீழ் 15 லிட்டர் வாளியை வைத்து அளந்தேன். ஒரு துவைப்புக்கு நான்கு வாளி.

பிழியும்போது நிமிஷத்துக்கு 1200 சுற்று. அப்போது துணியின் மேல் பாய்கிற விசை அதன் சொந்த எடையைப்போல் ஏறக்குறைய 380 மடங்கு. இந்தக் கணக்கைப் போட்ட அன்று வெளியே ஐப்பசி மழை. எனக்குத் திருக்குறிப்புத் தொண்ட நாயனார் நினைவுக்கு வந்தார். காஞ்சியில் அடியார் ஒருவருடைய கந்தையை அந்திக்குள் வெளுத்து உலர்த்தித் தருவதாக வாக்களித்து, மழை விடாமையால் வாக்குத் தவறிவிட்டதே என்று துவைக்கும் கற்பாறையில் தம் தலையை மோதிக்கொள்ளத் துணிந்தவர் அவர். தலையைத் தடுத்தது இறைவன் கை. அந்தக் கதையில் எனக்கு அன்று முதன்முதலாகக் கல் கண்ணில் பட்டது. துவைப்பவனுடைய ஜீவனமும் அதுவே, சாட்சியும் அதுவே.

ஆகவே கல்லைப் பற்றியும் விசாரிப்பதென்று புறப்பட்டேன். கௌசிகா நதி ஊரைத் தொட்டு ஓடும் பக்கத்தில், பரம்பரையாகத் துணி வெளுத்து வந்த ஒரு முதியவர் இருக்கிறார். அவர் மகன் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறார். உவர்மண்ணைக் கரைத்துத் துணியை நனைத்து, கொதிக்கும் பானையின் மேல் அடுக்கி இரவெல்லாம் ஆவியில் வேகவைக்கிற வெள்ளாவியைப் பற்றியும், எந்த வீட்டுத் துணி எது என்று தெரியச் சேங்கொட்டைச் சாற்றால் குறியிட்டதைப் பற்றியும் அவர் சொல்லக் கேட்டேன். “கல்லு வழவழன்னு இருந்தா அழுக்குப் போகாது; சொரசொரன்னு இருந்தா துணி மிஞ்சாது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கல்லப் பாத்து எடுக்கணும். எங்கப்பாவுக்கு அப்படி ஒரு கல்லு இருந்துச்சு.” அந்தக் கல் இப்போது எங்கே என்று கேட்டேன். “ஆத்துல தண்ணி இல்லன்னதும் கல்லும் மண்ணுக்குள்ள போயிருச்சு” என்றார். ஊரார் அழுக்கையெல்லாம் சுமந்து, ஊர் அளந்த தானியத்தில் ஜீவித்த ஒரு வம்சத்தின் வித்தை அது. அந்தத் தொழிலில் தம் மகன் இறங்காததில் அவருக்கு வருத்தம் இல்லை, கல் போனதில்தான் வருத்தம்.

வீடு திரும்பும் வழியில் கணக்குப் பார்த்தேன். வெள்ளாவி யந்திரத்துக்குள் வெந்நீர்க் கம்பியாக இருக்கிறது. உவர்மண்ணில் உள்ள சோடா உப்பே சலவைத் தூளிலும் இருக்கிறது. தூக்கி அடித்த கை, உருளையாகி நிமிஷத்துக்கு 48 தரம் தூக்கிப் போடுகிறது. பிழிவதும் முறுக்குவதும்கூட அப்படியே. குறுந்தொகையின் 330-ஆம் பாட்டில், கஞ்சிப் பசை தோய்த்து ஒரு தரம் அடித்துக் குளிர்ந்த குளத்தில் இட்ட துணியின் பிரியாத முறுக்கை, பொதியவிழ்கிற பகன்றைப் பூவுக்குப் புலவர் உவமையாக்குகிறார். பிழிந்து நின்ற யந்திரத்துக்குள் கை விட்டால் என் மகனுடைய சட்டைக் கையும் அப்படித்தான் வருகிறது. எல்லாம் இருக்கிறது, கல்லை மட்டும் காணோம்.

நான்கு மாதம் கழித்து, எங்கள் உப்புத் தண்ணீரின் கைங்கரியத்தால் வெந்நீர்க் கம்பியில் சுண்ணாம்பு படிந்துவிட்டதோ என்று பார்க்க அதே மெக்கானிக் வந்தார். மேல்மூடியைக் கழற்றி ஓரமாக வைத்தார். என் மனைவி எட்டிப் பார்த்தாள். உருளையின் தலைமேல், சாம்பல் நிறத்தில், சொரசொரப்பாக, நாலு விரற்கடை கனத்தில் ஒரு பாளம் உட்கார்ந்திருந்தது.

“ஏங்க, இது என்ன, கல்லா?”

“காங்கிரீட்டுத்தாம்மா” என்றார் மெக்கானிக். “முன்னாலயும் ஒண்ணு இருக்கு. இந்தப் பாரம் இல்லன்னா பிழியிறப்ப வீடெல்லாம் நடந்துரும்.”

துணி ஒரு பக்கமாகக் குவிந்து உருளை எகிறும்போது அதை அடக்குவது வில்லும் தண்டும் மட்டும் அல்ல. இந்தக் கல்லின் பாரம். இத்தகைய பாளம் 25 கிலோ வரை இருக்கும் என்றும், அதற்குப் பதிலாக வீட்டுக்கு வந்த பின் தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் பெட்டியை வைத்தால் யந்திரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்றும் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழகத்தார் 2017-ல் செய்து காட்டியதைப் பிறகு படித்தேன். அந்தப் பெட்டி வரும் வரையில் எங்கள் வீட்டு யந்திரத்தில் கல்லே ஆட்சி செய்யும். முன்பு அடியைத் தாங்கிய கல், இப்போது ஆட்டத்தை அடக்குகிறது.

அன்று மாலையே என் மனைவி ஆட்களை வரவழைத்து, மதிலோரத்துக் கல்லைப் பழைய இடத்துக்குப் பக்கத்தில், யந்திரத்தின் வலப்புறத்தில் போடச் செய்தாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. பட்டாசு ஆபீஸ் துணியை நேரே யந்திரத்தில் இட்டால் சாம்பல் பொடி வாசலின் ரப்பர் வளையத்தில் தங்குகிறதென்று, முதலில் வாளியில் ஊறவைத்து, கல்லின் மேல் வைத்து அலசிப் பிழிந்த பிறகே அவள் உள்ளே போடுகிறாள். மகன் மாலையில் வந்ததும், வெள்ளி பூசிய சட்டையைக் கழற்றி, கண்ணாடி வாசலை ஏறிட்டும் பாராமல், பழக்க தோஷத்தால் கல்லின் மேல் போட்டுவிட்டுக் குளிக்கப் போகிறான்.